கையைப் பிடித்து எழுத வைத்தவள்

1

சுகாதார அலுவலகத்திலிருந்து வர வேண்டிய கடிதம் இன்றும் வரவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை கீழே இறங்கிப் போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். தபால்காரர் வருவதே ஒரு தடவைதான். மூன்றாம் தடவை போனபோது கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்து, நாலாம் தடவை இறங்கிவிடாமல் இருக்க இதை எழுத உட்கார்ந்தேன்.

கடிதத்தில் இருக்கப்போவது ஒரே ஒரு விஷயம். என் மகள் இனியா வருகிற பள்ளி ஆண்டில் ஒன்றாம் வகுப்புக்குப் போகலாமா, இன்னும் ஒரு வருடம் கிண்டர்கார்டனிலேயே இருக்க வேண்டுமா என்பது. ஜெர்மனியில் ஆறு வயதில்தான் பள்ளிக்கூடம். அதற்கு முன் அரிச்சுவடியும் கிடையாது, ஒன்று இரண்டும் கிடையாது. பள்ளியில் சேருமுன் ஒவ்வொரு பிள்ளையையும் அரசு மருத்துவர் ஒருவர் கூப்பிட்டுப் பார்ப்பார். கண், காது, பேச்சு, கை கால் எல்லாம் பள்ளிக்குத் தயாரா என்று ஒரு தாளில் குறிப்பார். பெயில் பாஸ் எல்லாம் இல்லை என்று ஆயிரம் தடவை சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரியிடம் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பெயில் பாஸ் இல்லை என்றால் நம்புவாளா?

முதல் தடவை கூப்பிட்டபோது எல்லாம் கெட்டுப்போனது. கெடுத்தது நான்தான்.

2

என் பூர்வீகம் மல்லசமுத்திரம். கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழு வருடம் எல்கேஜி, யூகேஜி டீச்சராக இருந்தேன். பிள்ளைகளுக்கு எழுத்து வரவைப்பதில் கெட்டிக்காரி என்று பெயர். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, அதன் கையைப் பென்சிலோடு சேர்த்து என் கைக்குள் பிடித்து, “மேல... வளைச்சு... அப்படியே கீழ எறக்கு...” என்று நாலு கோட்டு நோட்டில் இழுத்துக்கொண்டே போவேன். ஜூனில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வரும் பிள்ளை தீபாவளி லீவுக்குள் தன் பெயரை எழுதிவிடும்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே தாய்மார்கள் காத்திருப்பார்கள். “டீச்சர், எங்க பாப்பாவுக்கு ஹோம் ஒர்க் பத்தலீங்க. ஊட்டுக்கு வந்தா சும்மாவே ஆடிக்கிட்டுக் கெடக்குதுங்க. இன்னும் ரெண்டு பக்கம் சேத்திக் குடுங்க.” கொடுப்பேன். கேட்டதைவிட ஒரு பக்கம் கூடவே கொடுப்பேன்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் எங்களிடம் ஓர் ஏற்பாடு உண்டு. கேட்க வேண்டிய கேள்விகளை நாங்களே எழுதி அவர் கையில் கொடுத்துவிடுவோம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு கேள்வி. முதல் பெஞ்சில் முதலாவது உட்காரும் பிள்ளைக்கு ‘மயில்’, அடுத்ததற்கு ‘ஏழு’, அதற்கும் அடுத்ததற்கு ‘யானை’. கேள்வி என்னவென்று அதுகள் காதில் வாங்கவே வேண்டியதில்லை. முறை வந்ததும் எழுந்து நின்று பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். ஒரு வருடம் இரண்டாவது பிள்ளைக்கு அம்மை போட்டு லீவு. வந்தவர் கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். வாரத்துக்கு எத்தனை நாள் என்ற கேள்வி மூன்றாவது பெண்ணிடம் வந்தது. அவள் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று “யானை” என்றாள். ஸ்டாஃப் ரூமில் வயிறு வலிக்கச் சிரித்தோம். இங்கே வந்த பிறகும் விருந்துகளில் இதை ஒரு நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3

இனியாவைக் கிண்டர்கார்டனில் சேர்த்த அன்று, அங்கே அவளைப் பார்த்துக்கொள்ளும் சபீனாவிடம் அந்த வருடப் பாடத்திட்டத்தைக் கேட்டேன். சபீனாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், எப்போதும் முழங்காலில் மண் ஒட்டிய கால்சட்டை. “இனியா வந்து சொல்லட்டும். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்” என்றாள். என் ஜெர்மன்தான் தப்பாகிவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள்.

போன வருடம் வசந்தத்தில் நடந்தது இது. என் அண்ணன் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ஒரு நாள் வேலை நடக்கிற தோட்டத்திலிருந்தே வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் காது கிழிகிற சத்தம், வெள்ளைப் புழுதி.

“இனியா சாமி, மாமன் வண்டி பூமியத் தொளைக்கறதப் பாத்தீங்களா?”

“எத்தன ஆழம் மாமா? நீ உள்ள பாத்தியா?”

இங்கே வளர்ந்தவளுக்கு ‘ங்க’ போட வராது. அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அவர் பாட்டுக்கு அவளுக்கு ‘ங்க’ போட்டே பேசுவார். “உள்ள எங்கீங்க சாமி பாக்கறது? ஒரு ராடு முடிஞ்சா இன்னொரு ராடு மாட்டுவோம். தண்ணி வார வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும்.”

“தண்ணி கீழ இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அது தெரிஞ்சா நான் எதுக்குங்க சாமி இத்தன ராடு எறக்கறேன்?” என்று சிரித்துவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து இனியா கிண்டர்கார்டன் தோட்டத்து மூலையில் குழி தோண்ட ஆரம்பித்தாள். இரண்டு வாரத்தில் அவளோடு ஐந்தாறு பிள்ளைகள். துடைப்பக் குச்சிகளை ஒட்டு நாடாவால் ஒன்றோடொன்று சேர்த்து ‘ராடு’ செய்தார்கள். ஆழத்தைப் பூட்ஸால் அளந்தார்கள். நேற்று மூன்று பூட்ஸ், இன்று மூன்றரை பூட்ஸ். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அது எங்கே போகிறது என்று குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே கோடை முழுக்கப் போனது. இனியா கேட்டதையெல்லாம் சபீனா தேதி போட்டு ஒரு கோப்பில் எழுதி, படமும் ஒட்டி வைத்தாள். ‘மண் தண்ணி குடிக்குதுன்னா அதுக்கு வயிறு எங்க இருக்கு?’ என்பது அதில் ஒன்று.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நிலத்தடி நீர் என்று ஒரு வார்த்தை, ஒரு படம், ஐந்து நிமிட வேலை. எங்கள் பள்ளியாக இருந்தால் சார்ட் ஒட்டிச் சொல்லிக் கொடுத்து மறுநாள் டெஸ்ட்டும் வைத்திருப்போம். சபீனாவிடம் போய், “நீங்களே பதிலைச் சொல்லிவிடலாமே?” என்றேன்.

“சொல்லலாம். சொன்னால் தோண்டுவதை நிறுத்திவிடுவாள்” என்றாள் அவள்.

தினமும் சாயங்காலம் இனியா முழங்கால் வரை சேறோடு வருவாள். துணியை அலசும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். இருநூறு பிள்ளைகளுக்கு எழுத்து வரவைத்தவளின் மகளுக்கு ஐந்தரை வயதில் ‘அ’ போடத் தெரியவில்லை.

4

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம். அதற்கப்புறம் நீட்டிப்பார்களா என்று அவருக்கே தெரியாது. நீட்டவில்லையென்றால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே அண்ணன் மகள் தர்ஷினி, இனியாவைவிட இரண்டு மாதம் சின்னவள், யூகேஜி முடித்துவிட்டாள். அண்ணி அடிக்கடி அவள் நோட்டை கேமரா முன்னால் விரித்துக் காட்டுவார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘வெரி குட்’.

“உங்க பாப்பா இன்னும் மண்ணுலதான் ஆடிக்கிட்டிருக்குதாங்க?” என்று அண்ணி கேட்டார். குத்திக் காட்டுகிற ஆள் இல்லை, நிஜமான கவலையோடுதான் கேட்டார். அதனால்தான் இன்னும் வலித்தது. இங்கேயும் ஆகாமல் அங்கேயும் ஆகாமல் என் பிள்ளை நடுவில் நின்றுவிடுவாள் என்று அன்றைக்கு நான் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி போட்டுக் கடிதம் வந்தது. நான் சும்மா இருப்பேனா? இங்குள்ள தமிழ்த் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். போன வருடம் தன் பையனிடம் என்னென்ன கேட்டார்கள் என்று ஒருத்தி வரிசையாகத் தட்டி அனுப்பினாள். நிறங்கள், விரல் எண்ணுவது, படத்தைப் பார்த்துக் கதை சொல்வது, ஒரு காலில் நிற்பது, ஒரு மனிதனை வரைவது. பிரிண்ட் எடுத்துப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

ஆறு வாரம். தினமும் கிண்டர்கார்டன் முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் ஒரு மணி நேரம். கேள்வியும் பதிலும் அதே வரிசையில். மனிதனை வரைவதற்கு அவள் பின்னால் மண்டி போட்டு, கையைப் பிடித்து, “வட்டம்... கண்ணு ரெண்டு... மூக்கு... கழுத்து... கைக்கு அஞ்சு வெரலு, மறந்துறாத” என்று இழுத்தேன். முதல் வாரம் திமிறினாள். “நான் பாம்பு வரையறேன்மா” என்றாள். பாம்பெல்லாம் அப்புறம் என்றேன். மூன்றாவது வாரம் திமிறல் நின்றது. நான்காவது வாரம் பென்சிலை எடுத்ததுமே கையைப் பின்னால் நீட்டிக் காத்திருக்க ஆரம்பித்தாள். பிள்ளை பழகிவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

5

மருத்துவர் வயதான அம்மாள், குட்டையாக வெட்டிய நரைத்த முடி. நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தேன். இனியா தன் சின்ன நாற்காலியில் நிமிர்ந்து, எங்கள் யூகேஜி பிள்ளை மாதிரியே உட்கார்ந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மருத்துவர் படத்தை முதலில் காட்டிவிட்டார். எங்கள் தாளில் நிறங்கள்தான் முதலில். அவர் காட்டிய படத்தில் ஒரு குளம், ஒரு பையன், கவிழ்ந்த படகு. “இங்கே என்ன நடக்கிறது?”

“சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்” என்றாள் இனியா.

மருத்துவர் பொறுமையாக மறுபடி கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். “பத்து” என்றாள். அது இரண்டாவது கேள்விக்கான பதில். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த ‘யானை’ சொன்ன பெண்ணின் முகம் வந்தது. அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு அவள் யாரைப் பார்த்தாள் என்று யோசித்தேன், ஞாபகமில்லை. அவள் பெயர்கூட ஞாபகமில்லை.

பிறகு மருத்துவர் வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, “ஒரு மனிதரை வரைந்து காட்டு, உனக்குப் பிடித்த மாதிரி” என்றார். இனியா பென்சிலை எடுத்தாள். பென்சிலோடு வலது கையைப் பின்பக்கமாக, என் பக்கமாக நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள். நான் எழுந்து வந்து பிடிப்பேன் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் காத்திருந்தாள்.

மருத்துவர் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ எழுதினார். எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும், அதற்குப் பிறகு முடிவு சொல்வதாகவும் சொன்னார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

6

அடுத்த வாரம் சபீனா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இனியா இப்போதெல்லாம் குழிப் பக்கம் போவதில்லையாம். கட்டைகளை அடுக்கினாலும், களிமண்ணை உருட்டினாலும், ஒவ்வொன்றுக்கும் ஓடி வந்து “இது சரியா?” என்று கேட்கிறாளாம். முன்பெல்லாம் அவள் கேட்கிற கேள்விகளே வேறு என்று சொல்லி அந்தக் கோப்பை என் முன்னால் திறந்து வைத்தாள். கோடை முழுக்கப் பக்கம் பக்கமாக என் மகளின் கேள்விகள். பிறகு இலையுதிர் காலம். கடைசி ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது.

வீட்டில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பும் தவறுமான ஜெர்மனில், பாதியில் அழுதுகொண்டு. அவள் திட்டவில்லை. “இதைச் சரிசெய்ய வீட்டில் என்ன பயிற்சி கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் நான் கேட்டது என்னவென்று எனக்கே உறைத்தது. சபீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். “இதுக்குப் போயி ஏன் அம்மிணி அழுவற? பேசாம பாப்பாவ இங்க கொண்டாந்து உட்டுப்போடு. நீ இருந்த ஸ்கூல்லயே சேத்தீரலாம். ஆறே மாசத்துல பட்டையக் கெளப்பிரும்” என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் அதை நிஜமாகவே யோசித்தேன். டிக்கெட்கூடப் பார்த்தேன். அந்த வகுப்பறையில் அவள் பின்னால் மண்டி போடப்போகிறவள் எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்த பிறகுதான் லேப்டாப்பை மூடினேன்.

பிரிட்ஜிலிருந்து தாளைக் கிழிப்பது சுலபமாக இருந்தது. சும்மா இருப்பதுதான் முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போடத் திணறுவாள், என் விரல் தானாக நீளும். பென்சிலோடு கையை நீட்டுவாள், “அம்மாவுக்குப் பாத்திரம் இருக்குது சாமி” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடிவிடுவேன், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். ஒரு வாரம் இல்லை, நாலு வாரம் இப்படியே போனது. அவளிடமிருந்து எடுத்ததைத் திரும்பக் கொடுக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேனோ என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் பாவம், தெரியலையே என்பார்.

ஐந்தாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை. சமையலறையில் சத்தமே இல்லை என்று போய்ப் பார்த்தால், இனியா அஞ்சறைப் பெட்டியைத் தரையில் வைத்துக்கொண்டு, பெரிய கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கடுகு மூழ்கியது. சீரகம் மிதந்தது. அண்ணி வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்து, ஆள் மூலம் அனுப்பிய மல்லித்தூள் முக்கால்வாசி தண்ணீருக்குள் கலங்கிக் கிடந்தது. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஊரிலிருந்து அடுத்த பொட்டலம் வர ஆறு மாதம் ஆகும்.

அவள் என்னைக் கவனிக்கவில்லை. கலங்கல் தெளியுமா என்று கிண்ணத்தோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தவள், தனக்குத்தானே, “மேல இருக்கறது ஏன் கீழ போகமாட்டேங்குது?” என்றாள். சரியா என்று யாரையும் கேட்கவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்றைக்கு மல்லியில்லாத குழம்புதான்.

7

போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது தடவை போனோம். முந்தின நாள் நான் எதையும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராமல் இருந்ததற்காகவும் பயந்தேன். ஒருவேளை இதுவும் தப்போ, கொஞ்சமாவது பழக்கியிருக்கலாமோ என்று பஸ்ஸில் போகும்போதுகூட நாக்கு நுனி வரை வந்தது. “இனியா, மனுசனுக்கு...” என்று ஆரம்பித்துவிட்டு, “...பசிக்குதா உனக்கு?” என்று எப்படியோ முடித்தேன்.

அதே அறை, அதே அம்மாள். எனக்குச் சுவரோரம் அதே நாற்காலி. நான் உட்காரப் போனேன். இனியா வெள்ளைத் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மருத்துவரிடம் ஜெர்மனில் ஏதோ வேகமாகச் சொன்னாள். எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாதென்று தமிழிலும் சொன்னாள்.

“அம்மா, நீ வெளிய நில்லு.”

மருத்துவர் என்னைப் பார்த்து, உங்களுக்குச் சம்மதமென்றால் சரி என்றார். சம்மதம் என்றேன். ஏழு வருடம் எத்தனை தாய்மார்களை வகுப்பு வாசலிலிருந்து, நீங்க போங்க, நாங்க பாத்துக்கறோம் என்று அனுப்பியிருப்பேன். திரும்பி வெளியே வந்தேன்.

அந்தக் கட்டிடத்துக் கதவுகள் கனமானவை. இனியா உள்ளிருந்து தள்ளினாள். ஒரு சாண் மீதி இருக்கும்போது நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நகரவில்லை. இடைவெளியில் அவள் காலுறை தெரிந்தது, மூச்சு வாங்குவது கேட்டது. வெளியே கைப்பிடி என் கைக்கு எட்டும் தூரத்தில். லேசாக இழுத்தால் மூடிக்கொள்ளும். உள்ளே மருத்துவரும் நாற்காலியை விட்டு எழுந்த சத்தம் கேட்கவில்லை.

சத்தம் நின்றது. அம்மா என்று கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். கூப்பிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து, முதுகைக் கதவுக்குக் கொடுத்து, இரண்டு காலையும் பக்கத்து அலமாரியில் ஊன்றி முக்கினாள். கதவு கொஞ்சம் கொஞ்சமாக வந்து மூடியது.

உள்ளே அவள் எழுந்து போகிற காலடிச் சத்தம். நாற்காலி இழுபட்டது. பிறகு மருத்துவரிடம் அவள் ஜெர்மனில் சொன்னது கதவைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது:

“இப்ப நீ கேக்கலாம்.”